ஒசாகாவிலிருந்து நாராவுக்கு ஒரு நாள்: எதை முதலில் பார்ப்பது, எப்போது சாப்பிடுவது

ஊரிலிருந்து வருகிறவர்களை நாராவுக்குக் கூட்டிப்போகும் வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழும். தாங்களாகவே போய்விட்டு வந்தவர்களும் வந்து கதை சொல்வார்கள். இரண்டு தரப்பிலும் ஒரே சிக்கலைத்தான் பார்க்கிறேன். பத்தரை மணிக்குப் போய் இறங்குகிறார்கள். நாராவில் மான்கள் ஊருக்குள்ளேயே சுற்றித் திரியும். நிலையத்துக்குப் பக்கத்தில் நிற்கும் முதல் மானைப் பார்த்து நிற்பதிலேயே ஒரு மணி நேரம் போய்விடுகிறது. புத்தர் கோயிலுக்குள் நுழையும்போது பள்ளிப் பிள்ளைகள் கூட்டம், வெளியே வரும்போது சாப்பாட்டுக் கடைகள் மதியக் கடையை மூடும் நேரம். நாரா சிறிய இடம். நாளைக் கெடுப்பது தூரம் இல்லை, வரிசைதான்.

இந்த வழிகாட்டியின் வரிசை எளிது: காலையிலேயே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும், மானை நடுவில் வைத்துக்கொள்ள வேண்டும், பசிக்கும்போது ஊருக்குள் இறங்கியிருக்க வேண்டும். கட்டணங்கள் அவ்வப்போது ஏறுகின்றன. கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

1. எந்த நாளில் போவது

திங்களும் செவ்வாயும் தவிர்க்க வேண்டிய நாட்கள். கோயில்கள் திறந்திருக்கும். ஆனால் நாராமாச்சி பகுதியின் சின்னச் சாப்பாட்டுக் கடைகளும் பழைய வீடுகளும் பல திங்களன்று விடுமுறை. இசுயிஎன் தோட்டம் செவ்வாயில் மூடல். சாப்பாட்டுக்காகவும் போகிறீர்கள் என்றால் புதன், வியாழன்தான் நல்லது.

ஏப்ரல் கடைசியிலிருந்து மே 5 வரை வரும் கோல்டன் வீக் விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் முன்னோர்களுக்கான ஒபோன் விடுமுறை, புத்தாண்டின் முதல் மூன்று நாட்கள், இவற்றில் போகவே வேண்டாம். அக்டோபர் கடைசியிலும் நவம்பர் முதல் பாதியிலும் தேசிய அருங்காட்சியகத்தில் ஷோசோயின் பொக்கிஷக் கண்காட்சி நடக்கும்போதும் ஊர் நிரம்பி வழியும்.

மான்களுக்கும் பருவம் உண்டு. செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை ஆண் மான்கள் முரட்டுத்தனமாக இருக்கும். மே முதல் ஜூலை வரை குட்டி போட்ட தாய் மான்கள் கிட்டே போனால் பாயும். சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு மார்ச் கடைசியும் ஏப்ரல் தொடக்கமும் எல்லா வகையிலும் வசதி. அதிர்ஷ்டம் இருந்தால் சகுராவும் கிடைக்கும்.

அதே நாளில் கியோட்டோப் பக்கத்து ஃபுஷிமி இனாரி கோயிலையும் உஜி ஊரையும் சேர்த்துவிடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வரைபடத்தில் ஒரே ரயில் பாதையில் இருப்பதால் வரும் ஆசை அது. சேர்க்கலாம், ஆனால் விழுங்கப்படுவது நாராவின் மதியச் சாப்பாடாகத்தான் இருக்கும். நான் சேர்க்கமாட்டேன்.

2. கையில் இருக்க வேண்டியவை

ரொக்கம். ஆளுக்கு 6,000 யென் இருந்தால் ரயில், நுழைவுக் கட்டணம், சாப்பாடு, தின்பண்டம் எல்லாம் அடங்கும். 1,000 யென் தாள்களும் 100 யென் நாணயங்களும் கலந்து வையுங்கள். மான் பிஸ்கட் விற்கும் பாட்டியிடம் அட்டையை நீட்ட முடியாது.

இகோகா அல்லது சுய்கா அட்டை. ரயிலுக்கும் பேருந்துக்கும் இதுவே போதும். தலா 3,000 யென் முந்தின நாளே ஏற்றி வைத்துவிட்டால் காலையில் இயந்திரத்தின் முன் நிற்க வேண்டாம்.

பழகிய செருப்பு, அல்லது ஷூ. எட்டு கிலோமீட்டருக்குக் குறையாமல் நடப்பீர்கள். பாதையெல்லாம் மான் புழுக்கை கிடக்கும். வெள்ளை ஷூ போட்டுப் போகிறவர்கள் மாலையில் அதைத்தான் பேசிக்கொண்டிருப்பார்கள்.

முழுக்க மூடும் பை. தோளில் தொங்கும் திறந்த துணிப்பையில் மானின் மூக்கு நேராக உள்ளே போகும். பையில் ஒரு கைத்துண்டும் குப்பைக்கு ஒரு பையும் வையுங்கள். பூங்காவில் குப்பைத் தொட்டி அநேகமாகக் கிடையாது. மான்கள் பிளாஸ்டிக்கைத் தின்று வயிற்றில் அடைத்துச் செத்துப்போகின்றன என்பதால்தான் இந்த ஏற்பாடு. பொது கழிப்பறைகள் சுத்தமாக இருக்கும், கை துடைக்கக் காகிதம் பெரும்பாலும் இருக்காது. அதற்குத்தான் கைத்துண்டு.

சேலை, துப்பட்டா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தொங்கும் எதையும் மான் கடித்து இழுக்கும். படத்துக்காகச் சேலை கட்டிக்கொண்டு போக விரும்புகிறவர்கள் முந்தானையை இடுப்பில் செருகிவிட்டு மான் பக்கம் போகவும்.

3. ரயில்: சரியான நம்பா, சரியான வண்டி

நாராவில் இரண்டு ரயில் நிறுவனங்களுக்கு இரண்டு நிலையங்கள் உண்டு. கின்டெட்சு நாரா பூங்காவை ஒட்டியே இருக்கிறது. ஜேஆர் நாரா அங்கிருந்து மேற்கே கால் மணி நேர நடை. ஜேஆர் பாஸ் கையில் இருந்தால் ஒழிய கின்டெட்சுவிலேயே போங்கள். அந்த பாஸ் கின்டெட்சுவில் செல்லாது.

ஏறும் நிலையத்தின் பெயர் ஒசாகா-நம்பா. நம்பா என்ற பெயரில் ஜேஆர், நான்காய், சுரங்க ரயில் எல்லாவற்றுக்கும் தனித்தனி நிலையம் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் வழி தவறுவது பெரும்பாலும் இங்கேதான். பலகையில் கின்டெட்சு, ஹான்ஷின் இரண்டு பெயரும் சேர்ந்திருந்தால் சரியான இடம். கோபேயில் தங்கியிருப்பவர்களுக்கு இன்னும் எளிது. சன்னோமியாவிலிருந்து ஹான்ஷின் வண்டியே மாறாமல் நாரா வரை வருகிறது.

மேடையில் இரண்டு விதமான வேக வண்டிகள் வரும். ரேபிட் எக்ஸ்பிரஸ் சுமார் 40 நிமிடத்தில் சேர்க்கும், கட்டணம் 680 யென், கூடுதலாக எதுவும் இல்லை. லிமிடெட் எக்ஸ்பிரஸில் ஏறினால் இருக்கைக்குத் தனிச் சீட்டு வேண்டும், மிச்சமாகும் நேரமோ சில நிமிடங்கள்தான். நாராவுக்கு அது தேவையே இல்லை. தெரியாமல் ஏறிவிட்டால் நடத்துநர் வந்து மரியாதையாகக் காசு கேட்பார், கொடுத்துவிடுங்கள்.

ஏழு மணியை ஒட்டிய வண்டியைப் பிடியுங்கள். ஒசாகாவிலிருந்து வெளியே போகும் திசை என்பதால் காலை நெரிசல் உங்களை அதிகம் தொடாது. வார நாட்களின் நெரிசல் நேரத்தில் சில வண்டிகளில் பெண்களுக்கான பெட்டி இருக்கும். மேடைத் தரையில் இளஞ்சிவப்புக் குறி பார்த்தால் ஆண்கள் பக்கத்துப் பெட்டிக்கு நகர வேண்டும்.

4. காலைச் சாப்பாடு: நிலையத்திலேயே முடியுங்கள்

கோயில் பக்கம் எட்டு மணிக்கு எந்தக் கடையும் திறந்திருக்காது. பூங்காவுக்குள் போய் எதையாவது பிரித்தால் சாப்பிடப்போவது நீங்கள் அல்ல, மான். நம்பாவிலோ நாரா நிலையத்திலோ ஒரு கன்பினியில், அதாவது எந்நேரமும் திறந்திருக்கும் சிறு கடையில், ஒனிகிரி என்ற சோற்று உருண்டை, தயிர், வாழைப்பழம், காபி என்று முடித்துக்கொள்ளுங்கள். வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். பதினோரு மணிக்கே மதியச் சாப்பாடு வரப்போகிறது.

பெரிய பை இருந்தால் கின்டெட்சு நாரா நிலையத்தின் காசுப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிடுங்கள். காலையில் காலியாக இருக்கும், பத்து மணிக்கு மேல் பெரியவை கிடைப்பது கஷ்டம்.

5. முதல் மானைத் தாண்டிப் போங்கள்

நிலையம் தரைக்குக் கீழே. மேலே ஏறி கிழக்கே, அதாவது மலை தெரியும் பக்கம், நேராக நடந்தால் ஐந்து நிமிடத்தில் முதல் மான் வரும். ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். பூங்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மான்கள் இருக்கின்றன, இது கடைசி மான் இல்லை.

போகும் வழியில் கோஃபுகுஜி கோயிலின் ஐந்தடுக்குக் கோபுரத்தைத் தேடாதீர்கள். பெரிய பழுதுபார்ப்பு வேலைக்காகச் சாரம் கட்டி மூடியிருக்கிறார்கள். பல ஆண்டுகள் நடக்கும் வேலை. பழைய படங்களை நம்பி வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான்.

நிலையத்திலிருந்து பெரிய புத்தர் கோயிலான தோதாய்ஜியின் நந்தாய்மோன் வாயில் வரை நடை இருபது நிமிடம். நடக்க முடியாதவர்கள் இருந்தால் வரிசையையே கொஞ்சம் மாற்றுங்கள். பேருந்தில் கசுகா தாய்ஷா என்ற ஷின்டோ கோயிலின் ஹோன்தென் நிறுத்தம் வரை ஏறிவிட்டு, அங்கிருந்து இறக்கத்தில் தோதாய்ஜி பக்கம் வரலாம். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு இந்த வழி நன்றாக ஒத்துப்போகும்.

6. தோதாய்ஜி: கதவு திறக்கும்போது அங்கே இருங்கள்

பெரிய புத்தர் மண்டபம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 7:30க்கும், நவம்பர் முதல் மார்ச் வரை 8:00க்கும் திறக்கிறது. பெரியவர்களுக்கு 800 யென். முதல் ஒரு மணி நேரம் உள்ளே நம் காலடிச் சத்தம் நமக்கே கேட்கும். ஒன்பதரைக்குப் பிறகு சுற்றுலாப் பேருந்துகளும் மஞ்சள் தொப்பிப் பள்ளிக் குழந்தைகளும் வந்துவிடும். அதிகாலை ரயில் பிடிக்கச் சொன்னது இந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான்.

நந்தாய்மோனை வேகமாகத் தாண்டிவிடாதீர்கள். எல்லோரும் நேரே பார்த்து நடப்பதால் வாயிலின் இரண்டு பக்கமும் கம்பி வலைக்குப் பின்னால் நிற்கும் காவல் தெய்வங்களைப் பாதிப் பேர் பார்ப்பதே இல்லை. எட்டு மீட்டருக்கும் மேலான மரச் சிற்பங்கள், 1203இல் செய்தவை. காலை வெளிச்சம் குறைவு, கண் பழக ஒரு நிமிடம் நில்லுங்கள். புடைத்த வயிற்றுத் தசையும் முழங்கால் எலும்பும் மெல்ல மெல்லத் தெரியவரும்.

மண்டபத்துக்குள் செருப்பைக் கழற்ற வேண்டாம். நம் பழக்கத்தில் கழற்றப்போய்த் தயங்கி நிற்கிறவர்களைப் பார்க்கலாம், தேவையில்லை. படம் எடுக்கலாம், முக்காலிதான் கூடாது. புத்தரை இடப்பக்கமாகச் சுற்றி வாருங்கள். பின்னால் பழைய மண்டபத்தின் மர மாதிரி வைத்திருக்கிறார்கள். இப்போது நிற்பது 1709இல் முடித்தது, அகலத்தில் பழையதைவிடச் சிறியது என்பது அந்த மாதிரியைப் பார்த்தால்தான் உறைக்கும்.

நமக்குச் சொல்லத் தகுந்த செய்தி ஒன்று. 752இல் இந்தச் சிலைக்குக் கண் திறந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. கண் திறக்கும் சடங்கைப் பற்றி நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வெளியே வந்ததும் வாசலுக்குப் பக்கத்தில் சிவப்புத் துணி போர்த்திய மரச் சிலை ஒன்று உட்கார்ந்திருக்கும். பின்சுரு. உங்களுக்கு எங்கே வலிக்கிறதோ சிலையின் அந்த இடத்தைத் தடவிவிட்டு உங்கள் உடம்பிலும் தடவிக்கொள்வது வழக்கம். முழங்கால் பகுதி தேய்ந்து பளபளக்கிறது.

7. நிகாட்சுதோ: பின்பக்க வழியாக ஏறுங்கள்

பெரும்பாலானவர்கள் புத்தரைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். திரும்பாதீர்கள். மண்டபத்தின் பின்பக்கம் போய்க் கிழக்கே பார்த்தால் ஓடு பதித்த மண்சுவர்களுக்கு நடுவே கல்பாவிய சந்து ஒன்று மேலே ஏறும். பத்து நிமிட ஏற்றம்.

மேலே இருப்பது நிகாட்சுதோ, தோதாய்ஜியைச் சேர்ந்த இன்னொரு மண்டபம். கட்டணம் இல்லை, எந்நேரமும் திறந்திருக்கும். அதன் மரத் தாழ்வாரத்தில் நின்றால் இப்போதுதான் வெளியே வந்த மண்டபத்தின் கூரை கீழே, அதற்கப்பால் முழு ஊரும் தெரியும். பக்கத்து ஓய்விடத்தில் தேநீர் வைத்திருப்பார்கள், தானே ஊற்றிக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைக்க வேண்டும். இந்த ஏற்றத்தை காலையிலேயே முடிப்பதற்குக் காரணம் வெயில். ஜூலை, ஆகஸ்டில் மதியம் 35 டிகிரியைத் தாண்டும். சென்னைக்காரர்களே திணறும் புழுக்கம்.

மார்ச் 1 முதல் 14 வரை இங்கே ஒமிசுதோரி திருவிழா, மாலை இருட்டியதும் பெரிய தீப்பந்தங்களோடு தாழ்வாரத்தில் ஓடுவார்கள். அதைப் பார்க்கப் போகிறவர்கள் இந்த வழிகாட்டியை மூடி வைத்துவிட்டு வேறு திட்டம் போட வேண்டும். கூட்டம் அந்த அளவு.

8. கசுகா தாய்ஷா: அடிவாரத்தை ஒட்டி நடங்கள்

நிகாட்சுதோவிலிருந்து தெற்கே தாமுகேயாமா ஹச்சிமான் கோயிலைத் தாண்டி, வகாகுசா மலையின் அடிவாரத்தை ஒட்டி நடந்தால் இருபது நிமிடத்தில் கசுகா தாய்ஷா. கீழே இறங்கி மறுபடி ஏற வேண்டியதில்லை, இதுதான் இந்த வழியின் லாபம். மலை 342 மீட்டர் உயரப் புல்மேடு. ஏறிப் பார்க்க ஆசை வரும். ஏறினால் சாப்பாட்டு நேரம் தவறும். சின்னப் பிள்ளைகள் இல்லாத, காலில் தெம்புள்ள கூட்டம் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

கசுகாவில் கல் விளக்குகளும் தொங்கு விளக்குகளுமாகச் சுமார் 3,000 இருக்கின்றன. வெளிப்பிரகாரம் இலவசம். உள்ளே போய்ப் பார்க்க 700 யென். கொடுத்துப் போங்கள் என்றுதான் சொல்வேன், ஃபுஜினாமி-நோ-யா என்ற இருட்டு அறை ஒன்றுக்காக. எல்லா விளக்கும் உண்மையில் ஏற்றப்படுவது பிப்ரவரியில் செத்சுபுன் நாளிலும் ஆகஸ்ட் 14, 15 இரவுகளிலும்தான். மற்ற நாட்களில் அது எப்படியிருக்கும் என்பதை அந்த அறை காட்டிவிடும். வெளிச்சத்திலிருந்து நேராக நுழைவதால் தரை தெரியாது, குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

9. இப்போது மானுக்குத் தீனி

கசுகாவின் முதன்மைப் பாதையில் இறங்கி வந்தால் தெற்கே தோபிஹினோ புல்வெளி விரியும். மானுக்குக் கொடுக்க இதுதான் இடம். தோதாய்ஜி வாசல் மான்கள் நாளெல்லாம் கூட்டத்தில் பழகியவை, பிஸ்கட் கட்டு கையில் வந்த நொடியில் நாலு பக்கமும் சூழ்ந்துகொள்ளும். புல்வெளியில் கூட்டமும் குறைவு, பின்னால் நகர இடமும் உண்டு.

ஷிகா சென்பெய் என்ற மான் பிஸ்கட் ஒரு கட்டு 200 யென். அரிசித் தவிடும் மாவும் சேர்த்துச் செய்தது, சர்க்கரை கிடையாது. சுற்றியிருக்கும் காகிதப் பட்டையையும் மான் தின்றால் கெடுதல் இல்லாதபடிதான் செய்கிறார்கள். வேறு எதையும் கொடுக்காதீர்கள், ரொட்டியோ முறுக்கோ எதுவும் வேண்டாம்.

வாங்கியதும் கட்டைப் பிரித்து, ஒன்றிரண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மீதியை மூடிய பைக்குள் போடுங்கள். தனியாக நிற்கும் மானிடம் போய், பிஸ்கட்டை அதன் கண் மட்டத்துக்கு மேலே ஒரு கணம் பிடித்துத் தலையை லேசாகத் தாழ்த்துங்கள். பல மான்கள் தாமும் தலை தாழ்த்தும். தாழ்த்தியதும் உடனே கொடுத்துவிட வேண்டும். படம் சரியாக வரவில்லை என்று மறுபடி மறுபடி இழுத்தடித்தால் பொறுமை இழந்து கடிக்கும், பெரும்பாலும் தொடையிலோ இடுப்பிலோ. மான் கடித்தது என்று வந்து நிற்கிறவர்களில் பெரும்பாலோர் படம் எடுக்க நின்றவர்கள்தான்.

தீர்ந்ததும் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டுங்கள். ஆச்சரியம், அதற்குப் புரியும், திரும்பிப் போய்விடும். கையில் கோயில் சீட்டோ வரைபடமோ இருந்தால் அதையும் பிஸ்கட் என்றே எடுத்துக்கொள்ளும். ஓடாதீர்கள். ஓடினால் துரத்தும்.

கொஞ்சம் நின்று மரங்களைப் பாருங்கள். கிளைகளின் அடிப்பக்கம் எல்லாம் கத்தரித்தது போல ஒரே மட்டத்தில் முடிந்திருக்கும். மானின் வாய் எட்டும் உயரம் அது. நடுவே ஒரு புதர் மட்டும் தரைவரை தழைத்து நிற்கும். அசெபி. விஷம் உள்ள இலை என்பதால் எந்த மானும் தொடாது.

10. பதினொன்றேகாலுக்குச் சாப்பாட்டு வரிசையில்

புல்வெளியிலிருந்து தென்மேற்கே, குளத்தின் நடுவே இருக்கும் உகிமிதோ மண்டபத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தால் அரை மணிக்குள் நாராமாச்சி. பழைய வணிகர் தெரு, மரச் சட்ட முகப்பு வீடுகள், ஓரத்தில் தொங்கும் சிவப்புத் துணிக் குரங்குகள்.

நல்ல கடைகள் பலவற்றில் பத்துப் பதினைந்து இருக்கைகள்தான். பதினொன்று, பதினொன்றரைக்குத் திறந்து இரண்டு மணிக்கு மதிய வேலையை முடித்துவிடுவார்கள். ஒன்றரைக்கு மேல் போனால் ‘தீர்ந்துவிட்டது’ என்ற பலகைதான் இருக்கும். திறக்கும் முன் போய் நின்றால் முதல் சுற்றிலேயே இடம் கிடைக்கும்.

வாசலில் ஒரு தாளும் பேனாவும் வைத்திருப்பார்கள். பெயரும் ஆள் எண்ணிக்கையும் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். எழுதாமல் வரிசையில் மட்டும் நிற்பது புதியவர்கள் செய்யும் தவறு. பின்னால் வந்தவர்கள் உள்ளே போவதைப் பார்த்துக் கோபப்படுவார்கள். முழுப் பெயரை எழுதாமல் இரண்டு மூன்று எழுத்தில் சுருக்கி எழுதுங்கள். பாலசுப்பிரமணியன் என்று எழுதினால் அந்தப் பெண் உள்ளே போய் யாரையாவது கலந்து ஆலோசித்துவிட்டுத்தான் கூப்பிடுவார். பாலா போதும், ‘பாரா-சான்’ என்று வரும், கவனமாகக் கேட்டுக்கொண்டிருங்கள்.

என்ன சாப்பிடுவது?

காகினோஹா-சுஷி. நாராவின் சொந்தச் சாப்பாடு என்றால் இதைத்தான் முதலில் சொல்வேன். காடிச் சோற்றின் மேல் உப்பிட்ட கானாங்கெளுத்தி அல்லது சால்மன் துண்டு வைத்து, சீமைப்பனிச்சை இலையில் பொட்டலம் கட்டி அழுத்தி வைப்பார்கள். நாராவுக்குக் கடல் இல்லை. கடற்கரையிலிருந்து மலை தாண்டி வரும் மீன் கெடாமலிருக்க உப்பும் இலையும். பச்சை மீன் என்று பயப்படுகிறவர்களும் இதைச் சாப்பிடலாம், உப்பில் பதப்படுத்தியது. இலையைத் தின்னக்கூடாது, உரித்துவிட வேண்டும். சோயா சாஸ் தேவையில்லை, உப்பு ஏற்கெனவே ஏறியிருக்கும். முதல் கடியில் புளிப்பு மட்டும் தெரியும், மூன்றாவது பொட்டலத்தில் இலை வாசம் பிடிபடும்.

மிவா சோமென். நாரா மாகாணத்தின் மிவா பகுதிக் கோதுமை நூல் நூடுல்ஸ், நம் சேமியாவைவிடச் சன்னம். கோடையில் ஐஸில் குளிரவைத்து வரும், குளிர்காலத்தில் சூடான சாற்றில் ந்யூமென் என்று வரும். குளிர்ந்ததைச் சாப்பிடும்போது சிறு கிண்ணச் சாற்றை நூடுல்ஸ் மேல் ஊற்றிவிடாதீர்கள். சாறு மிகக் கெட்டியாக இருக்கும், அதில் தோய்த்துத்தான் சாப்பிட வேண்டும்.

சாகாயு. வறுத்த தேயிலைச் சாற்றில் வேகவைத்த கஞ்சி. உப்பு, காரம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். கூட வரும் நாராசுகே ஊறுகாயைக் கடித்துக்கொள்ள வேண்டும். சாகே வண்டலில் ஊறியது, சாராய வாசம் அடிக்கும். மது தொடாதவர்கள் விலக்கி வைக்கவும்.

காமாமேஷி. ஆளுக்கொரு சின்ன இரும்புப் பானையில் காய்கறியோ இறைச்சியோ சேர்த்து வடித்த சோறு. ஆர்டர் கொடுத்தபின் இருபது நிமிடமாவது ஆகும், பசியோடு வந்த குழந்தைகளுக்குச் சோதனை. ஆனால் நம்மவர்கள் அதிகம் ரசிப்பது இதைத்தான். அடியில் பிடித்த மொறுமொறுச் சோற்றைச் சுரண்டாமல் பானையைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு 1,200 முதல் 2,000 யென் வரை ஆகும். டிப்ஸ் வைக்கக்கூடாது. வைத்துவிட்டு வந்தால் பின்னாலேயே ஓடிவந்து கொடுப்பார்கள்.

11. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

சிக்கல் இறைச்சியில் இல்லை, தாஷி என்ற அடிப்படைச் சாற்றில். சோமென் சாறு, உதோன் சாறு, காமாமேஷி, ஏன், இனாரி சுஷியின் டோஃபு உறை வெந்த தண்ணீர் வரை எல்லாவற்றிலும் உலர்மீன் சீவல் ஊறிய சாறு இருக்கும். ‘மீன் இல்லை’ என்று கடைக்காரர் சொல்வது துண்டுகளை. சாற்றை அவர் மீனாகவே நினைப்பதில்லை. பொய் சொல்லவில்லை, கேள்விதான் போதவில்லை.

அதனால் ‘இறைச்சி, மீன் சாப்பிடமாட்டேன், கத்சுவோ தாஷியும் (உலர்மீன் சாறு) ஆகாது’ என்று முழுசாக ஜப்பானியத்தில் எழுதிக் கைபேசியில் வைத்துக்கொண்டு, உட்காரும் முன் வாசலிலேயே காட்டுங்கள். உட்கார்ந்து தண்ணீர் வந்தபின் எழுந்து போவது இரண்டு பக்கத்துக்கும் சங்கடம். நாராமாச்சியில் சைவ, வீகன் சிறுகடைகள் உண்டு. முந்தின இரவே வரைபடத்தில் தேடி, அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. கண்டிப்பான சைவர்கள் ஒசாகாவிலிருந்தே தயிர்சாதம் கட்டிக்கொண்டு வருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சாப்பிடும் இடம் மட்டும் மான் இல்லாத இடமாக இருக்கட்டும், நிலையப் பக்கத்துப் பெஞ்சுகள் பரவாயில்லை.

இனிப்பில் கவலை குறைவு. யோஷினோ குசு மாவில் செய்த குசுமோச்சி கண்ணாடி போல நழுவும். கிழங்கு மாவு, கருவெல்லப் பாகு, வறுத்த சோயா மாவு, அவ்வளவுதான்.

12. பிற்பகல்: மோச்சி, பிறகு ஒரே ஒரு இடம்

நாராமாச்சியிலிருந்து வடக்கே மோச்சியிதோனோ கடைத்தெரு வழியாக வந்தால் சான்ஜோ தெருவில் நாகாதானிதோ என்ற மோச்சிக் கடை. மோச்சி என்பது வெந்த ஒட்டரிசியை இடித்துச் செய்யும் பண்டம். இரண்டு பேர் மரச்சுத்தியலால் மாறி மாறி இடிக்க, நடுவில் ஒருவர் கையை விட்டு மாவைப் புரட்டுவார். கத்தலும் வேகமும் சேர்ந்து கூட்டம் கூடிவிடும். நேரம் எழுதிப்போட்டு நடப்பதில்லை. கும்பல் தெரிந்தால் போய் நில்லுங்கள், இல்லாவிட்டால் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு நகருங்கள்.

யோமோகி மோச்சி ஒன்று 200 யென் அளவில். பச்சை மாவுக்குள் பயறுப் பூரணம், மேலே சோயா மாவு. கொழுக்கட்டை சாப்பிட்ட வாய்க்கு அந்நியமாக இருக்காது. இழுவை மட்டும் பல மடங்கு. சூடாக, கடைக்கு முன்னாலேயே நின்று சாப்பிடுங்கள். நடந்துகொண்டே சாப்பிட்டால் சோயா மாவு சட்டையெல்லாம் கொட்டும். தாத்தா பாட்டிக்கும் குழந்தைகளுக்கும் சின்னச் சின்னதாகக் கிள்ளிக் கொடுங்கள், தொண்டையில் அடைக்கும் பண்டம் இது.

மீதி நேரத்துக்கு ஒரே ஒரு இடம் எடுத்துக்கொள்ளுங்கள். சிற்பம் பிடித்தவர்களுக்குக் கோஃபுகுஜியின் பொக்கிஷ மண்டபம். மூன்று முகமும் ஆறு கையும் கொண்ட அசுரர் அங்கே இருக்கிறார். தோட்டம் பிடித்தவர்களுக்கு இசுயிஎன். சாகே பிடித்தவர்களுக்கு நாராமாச்சியில் ஹாருஷிகா வடிசாலையின் கடையில் காசு கொடுத்துச் சில வகைகளை ருசி பார்க்கலாம். மூன்றையும் அடுக்கினால் காலும் ஓயும், எதுவும் மனதில் நிற்காது.

13. ஐந்து மணிக்குள் கிளம்புங்கள்

நாராவில் கடைகள் சீக்கிரம் மூடும். ஐந்து, ஐந்தரைக்குக் கோயில் கதவுகளும் சாத்தப்படும். டிசம்பரில் ஐந்துக்கே இருட்டிவிடும். இரவுச் சாப்பாட்டுக்கு நம்பாவுக்கே திரும்பிவிடுவது நல்லது, அங்கே டோதோன்போரி சாப்பாட்டுத் தெருவில் நடுராத்திரி வரை அடுப்பு எரியும்.

ரயிலேறும் முன் நிலையத்துப் பக்கக் கடையில் காகினோஹா-சுஷிப் பெட்டி ஒன்று வாங்கிக்கொள்ளலாம். ஓரிரு நாள் தாங்கும், பெட்டியில் தேதி இருக்கும். விடுதி அறையின் ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், சோறு கல்லாகிவிடும். வெளியிலேயே வைத்து மறுநாள் சாப்பிட்டால் ருசி கூடியிருக்கும். விமானத்தில் ஊருக்குக் கொண்டுபோக இது சரிவராது.

காசுப் பெட்டகத்தில் வைத்த பையை மறக்காமல் எடுத்துக்கொண்டு, கீழே இறங்கி மறுபடி ரேபிட் எக்ஸ்பிரஸ். வண்டி கின்டெட்சு நாராவிலேயே புறப்படுவதால், நிற்கும் வண்டி நிரம்பியிருந்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்கு முதல் ஆளாக நில்லுங்கள். நம்பா வரை உட்கார்ந்தே வரலாம்.